எண்பத்து நான்கு டெசிபல்

கோவளம்
9 ஜூன் 2024

சபீஹா மேடம் அவர்களுக்கு,

செல்வமேரி எழுதுகிறேன். மறைமலை நகர் கம்பெனியில் இரண்டாம் லைனில் பிரேக் பாகங்கள் பொருத்திக்கொண்டிருந்த மேரி. தாம்பரத்தில் ஏறி, ஆறு நாற்பது செங்கல்பட்டு வண்டியில், லேடீஸ் பெட்டியில் உங்களுக்கு எதிர் சீட்டில் வந்தவள். மேடம் என்று எழுதுவது எனக்கே ஒரு மாதிரியாக இருக்கிறது. ரயிலில் நான் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. ஆனால் இது ரயில் பேச்சு இல்லை. நீங்கள் கம்பெனியில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தபோது கையெழுத்துப் போட்ட ஒரு தாளைப் பற்றியது.

உங்கள் மேடவாக்கம் விலாசத்தைச் சந்திரிகா கொடுத்தாள். நான் நின்ற மிஷினில் இப்போது அவள்தான் நிற்கிறாள். போன் செய்ய முடியாது. போனைக் காதில் வைத்தால் யாரோ தொண்டையைச் செருமுகிற மாதிரி இருக்கிறது, வார்த்தை வருவதில்லை. வாட்ஸப்பில் கேட்டால் கைகூப்புகிற படம் ஒன்றை அனுப்பிவிட்டு இருந்துவிடுவீர்கள் என்று தோன்றியது. அதனால்தான் தபால்.

என் வீட்டுக்காரர் டேனியல் ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி இறந்துபோனார். நெஞ்சுவலி. ஐம்பத்து மூன்று வயது.

2019இல் ஒரு நாள் நீங்கள் எங்கள் லைனில் சத்தம் அளக்கிற மீட்டரைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றீர்கள். பிறகு நோட்டீஸ் போர்டில் ஒட்டிய தாளில் 84 டெசிபல் என்று இருந்தது. கீழே உங்கள் கையெழுத்து. அன்றைக்கு மீட்டரில் நான் பார்த்த எண் மூன்று இலக்கம். நான் பத்தாவது வரைக்கும்தான் படித்தேன். ஆனால் இரண்டு இலக்கத்துக்கும் மூன்று இலக்கத்துக்கும் வித்தியாசம் தெரியும்.

அந்த உண்மையான எண்ணை ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். கேஸ் போடுவதற்கில்லை. யாரிடமும் எதுவும் கேட்டு வாங்குவதற்கும் இல்லை. எனக்கு வேண்டும்.

நேரில் வர வேண்டாம். வாய் அசைவதைப் பார்த்து நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று நான் யூகித்துக்கொண்டிருக்க முடியாது. எழுத்தில் வேண்டும்.

இப்படிக்கு,
டே. செல்வமேரி


மேடவாக்கம்
18 ஜூன் 2024

அன்புள்ள மேரி அக்கா,

உங்கள் கையெழுத்தை நான் இதற்கு முன் பார்த்ததே இல்லை. கவரைப் பிரித்ததும் டேனியல் அண்ணன் செய்திதான் கண்ணில் பட்டது. ஒருமுறை தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் மழையில் என்னையும் ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிட்டு, நனைந்துகொண்டே நின்றாரே, அந்த முகம்தான் நினைவில் இருக்கிறது. என் வீட்டுக்காரர் யாசீனும் ரொம்ப வருத்தப்பட்டார்.

உங்கள் காது இவ்வளவு மோசமாகியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. வேளச்சேரியில் நல்ல காது டாக்டர் ஒருவர் இருக்கிறார், நானே அழைத்துப்போகிறேன். இப்போது வெளியே தெரியாத அளவுக்குச் சின்னச் சின்னக் கருவிகள் வந்துவிட்டன. அந்தப் பொறுப்பை என்னிடம் விடுங்கள்.

நீங்கள் கேட்ட தாளைப் பற்றி. ஐந்து வருஷம் ஆகிவிட்டது. அன்றைக்கு எத்தனை மிஷின் ஓடியது, மீட்டரை எங்கே பிடித்தேன், இதெல்லாம் பொறுத்து எண் மாறும். அளவெடுத்து, சராசரி போட்டு, விதிமுறைப்படிதான் அறிக்கை எழுதினோம். நீங்கள் பார்த்தது ஒரு நொடியில் ஏறி இறங்குகிற எண்ணாக இருக்கலாம். நானும் அந்தக் கம்பெனியை விட்டு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. அந்தக் கோப்பு எதுவும் என்னிடம் இல்லை.

பழைய பேப்பர் இப்போது எதற்கு அக்கா? உடம்பைப் பாருங்கள். மகள் ஜாஸ்மின் எப்படி இருக்கிறாள்? இன்னும் தாம்பரத்தில்தான் வேலையா?

அன்புடன்,
சபீஹா


கோவளம்
24 ஜூன் 2024

சபீஹாவுக்கு,

டாக்டர் வேண்டாம். டாக்டரைப் பார்த்தாகிவிட்டது.

எதற்கு என்று கேட்டிருக்கிறாய். எழுதுகிறேன், நிதானமாகப் படி.

2022இல் என்னை வேலையைவிட்டு அனுப்பினார்களே, பின்னாலிருந்து ஃபோர்க்லிஃப்ட் ஹாரன் அடித்தும் நான் நகரவில்லை, கவனக்குறைவு என்று. அதற்கப்புறம் சேலையூர் வீட்டைக் காலி செய்து, டேனியலுடைய ஊரான கோவளத்துக்கே வந்துவிட்டோம். அவர் இங்கிருந்து மீன் வண்டி ஓட்டினார். எனக்குக் காது சரியில்லை என்று அவரிடம் நான் சொல்லவில்லை. கம்பெனியில் வருஷா வருஷம் வேனில் வந்து காது டெஸ்ட் எடுத்து, நார்மல் என்று தாள் கொடுத்தார்கள். நானும் அந்தத் தாளையே பிடித்துக்கொண்டேன். வாயைப் பார்த்துப் பதில் சொல்லிப் பழகிவிட்டேன்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. அவர் சரக்கை இறக்கிவிட்டு ஒன்பது மணிக்கெல்லாம் வந்துவிட்டார். டிவி ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தைக் குறைத்தார். நான் கூட்டினேன். மறுபடியும் குறைத்தார். "தெருவுக்கே கேக்குது, உனக்கு மட்டும் பத்தலியா? இன்னா, கேக்காத மாதிரி ஆக்ட் குடுக்குறியா?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. ரிமோட்டை அவர் மடியில் போட்டுவிட்டு, அவர் வாங்கி வந்த சங்கரா மீனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் குழாயடிக்குப் போய்விட்டேன்.

இருபது நிமிஷம் இருக்கும். மீனைக் கழுவி உள்ளே கொண்டுவந்தேன். அவர் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே தரையில் கிடந்தார். கை என் பக்கமாக, குழாயடிக்குப் போகிற கதவின் பக்கமாக நீண்டிருந்தது.

சவப்பெட்டி வந்த பிறகு, பக்கத்து வீட்டு எல்லம்மா என் முகத்துக்கு நேராக வந்து, எல்லார் முன்னாலும் அழுதுகொண்டே சொன்னாள். "அண்ணன் கூப்ட்டுக்கினே இருந்தாரே மேரி. நாலஞ்சு தபா. நீ போவேன்னு நெனச்சிக்கினு நான் தண்ணி லாரிக்கு ஓடிட்டேனே." அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவளுக்கும் அது நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது.

ஜாஸ்மின் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "செவுத்துக்கு அந்தாண்ட இருக்கிற ஆன்ட்டிக்குக் கேட்டுது. உனக்குக் கேக்கலியா? படகு இன்ஜின் சத்தம் கேக்குது, அப்பா சத்தம் கேக்காதா?" என்றாள்.

அவள் கேட்டதில் தப்பில்லை. சண்டை வந்தால் நான் காது கேட்காத மாதிரி இருந்துவிடுவேன். இரண்டு நாள், மூன்று நாள்கூட. அது என் பழக்கம், பொய் சொல்ல மாட்டேன். அவள் சின்ன வயசிலிருந்து அதைப் பார்த்துத்தான் வளர்ந்தாள். அப்பா கூப்பிட்டும் அம்மா வீம்புக்கு வரவில்லை என்று நினைக்கிறாள். முப்பதாம் நாள் பூசைக்கு வந்து, கல்லறையில் பூ வைத்துவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் பஸ் ஏறிவிட்டாள்.

மே மாதம் பெரிய ஆஸ்பத்திரியில் காதைக் காட்டினேன். டாக்டர் நல்லவர், எழுதி எழுதிக் கேட்டார். இரண்டு காதும் ரொம்பப் போயிருக்கிறது, சத்தத்தால் வந்த மாதிரி இருக்கிறது, வேலை செய்த இடத்தில் சத்தம் எவ்வளவு என்றார். கம்பெனித் தாளைக் காட்டினேன். 84இல் இப்படி ஆகாதே அம்மா என்று எழுதினார். கடைசியில் 'வயது காரணமாக இருக்கலாம்' என்று போட்டுக் கொடுத்தார். அதைப் படம் எடுத்து ஜாஸ்மினுக்கு அனுப்பினேன். "வயசுன்னுதானே போட்டிருக்கு. அந்த வேன் டெஸ்ட்ல நார்மல்னு வேற இருக்கு" என்று பதில் வந்தது. அதுதான் அவள் எனக்கு அனுப்பிய கடைசி மெசேஜ்.

எனக்கு வயது நாற்பத்தெட்டு. இப்போது சொல், பழைய பேப்பர் எனக்கு எதற்கு?

மேரி


மேடவாக்கம்
7 ஜூலை 2024

அன்புள்ள மேரி அக்கா,

மூன்று முறை எழுதிக் கிழித்துப் போட்டேன். இதைக் கிழிக்கப் போவதில்லை.

103. மீட்டர் காட்டிய எண் அதுதான். ஒரு நொடிக்கு ஏறி இறங்கிய எண் இல்லை. உங்கள் தோளருகே மீட்டரைப் பிடித்துக்கொண்டு இருபது நிமிஷம் நின்றேன், அதன் சராசரி. அந்தச் சத்தத்தில் ஒரு ஆள் ஒரு நாளைக்கு ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது. நீங்கள் எட்டு மணி நேரம் நின்றீர்கள். ஓவர்டைம் இருந்தால் பன்னிரண்டு.

ஜாஸ்மின் கேட்ட கேள்விக்கும் பதில் இருக்கிறது. மிஷினில் சிலிண்டர் கீழே இறங்கி மேலே ஏறும் ஒவ்வொரு தடவையும், வேலை முடித்த காற்று வால்வின் ஓட்டை வழியாக வெளியே பாயும். அழுத்தி அடைத்து வைத்த காற்று, திறந்த ஓட்டையில் அது காதைக் கிழிக்கிற மாதிரிச் சீறும். அதற்காகத்தான் அந்த ஓட்டையில் கட்டைவிரல் அளவு வெண்கலச் சைலன்சர் ஒன்றைத் திருகியிருப்பார்கள். காற்று அதன் நுண்ணிய துளைகள் வழியாகக் கசிந்து அடங்கிப் போகும். ஆனால் அதில் எண்ணெயும் தூசியும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். அடைத்தால் சிலிண்டர் மந்தமாகும், ஷிஃப்டில் முடிக்கிற பீஸ் எண்ணிக்கை குறையும். கழற்றிக் கழுவி மாட்ட வேண்டும், இல்லை புதிது போட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

2018 நவம்பரில் ஒரு அவசர ஆர்டருக்காக, கழுவி மாட்ட நேரமில்லை என்று மெயின்டனன்ஸ் கிரீஷ் உங்கள் லைனில் இருந்த இருபத்தெட்டுச் சைலன்சரையும் கழற்றினார். "ரெண்டு வாரம்தான் மேடம்" என்றார். அவை ஒரு அட்டைப் பெட்டியில் அவருடைய மேசைக்கு அடியிலேயே கிடந்தன. நீங்கள் வேலையை விட்ட நாளிலும் அங்கேதான் இருந்தன.

அந்தச் சீறல் மாதிரியான கூர்மையான சத்தம், காதில் முதலில் கூர்மையான சத்தங்களைக் கேட்கும் சக்தியைத்தான் தின்னும். படகு இன்ஜின் தடித்த சத்தம், அது கேட்கும். பேச்சில் வார்த்தையை வார்த்தையாக்குவது மெல்லிய சத்தங்கள்தான். அவை போய்விடும். வேனில் வந்தவர்கள் எல்லாருக்கும் நார்மல் என்றே எழுதிக் கொடுத்தார்கள், அந்தத் தாளும் பொய்தான். நீங்கள் நடிக்கவில்லை அக்கா.

103 என்று எழுதிக்கொண்டு பிளான்ட் ஹெட் சம்பத் சாரிடம் போனேன். "சபீஹா, இதைக் கஸ்டமர் ஆடிட்ல பார்த்தா லைனையே நிறுத்திடுவாங்க. நூத்தி நாப்பது பேர் வீட்டுக்குப் போவாங்க. ஆடிட் முடியட்டும், நானே மாட்டச் சொல்றேன். இப்போதைக்கு எயிட்டி ஃபோர் போடு" என்றார். அந்த மாதம் என் வேலையை நிரந்தரமாக்குகிற தாள் அவர் மேசையில் இருந்தது. போட்டேன். ஆடிட் அன்று உங்கள் எல்லாருக்கும் ஆரஞ்சு கலரில் காதடைப்பான் கொடுத்து, மாலையில் திருப்பி வாங்கிக்கொண்டோமே, அதையும் கொடுத்தது நான்தான்.

இன்னொன்று இருக்கிறது. போன கடிதத்தில், உங்கள் காதைப் பற்றி எனக்குத் தெரியாது என்று எழுதியிருந்தேன். பொய்.

2021 டிசம்பர். நம் வண்டி ஊரப்பாக்கம் தாண்டியதும் பூக்காரம்மா உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். மூன்று முறை. நீங்கள் திரும்பவில்லை. மறுநாள் நான் வேண்டுமென்றே துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு, ஜாஸ்மினுக்கு எப்போது பரீட்சை என்று கேட்டேன். நீங்கள் சிரித்துக்கொண்டே "ஆமா ஆமா" என்று தலையாட்டினீர்கள். உங்களிடம் சொன்னால் அந்த எண்ணையும் சொல்ல வேண்டியிருக்கும். அடுத்த வாரத்திலிருந்து வீட்டில் வேலை என்று சொல்லி ஏழு பத்து வண்டிக்கு மாறினேன்.

இப்போது நான் கம்ப்ரசர் விற்கும் ஒரு நிறுவனத்தில் இருக்கிறேன். தொழிற்சாலைகளில் இந்தச் சத்தத்தைக் குறைப்பது எப்படி என்று சொல்லிக் கொடுப்பதுதான் என் வேலை. பழைய கம்பெனி எங்களுக்குப் பெரிய வாடிக்கையாளர். அதனால் ஒரே ஒரு வேண்டுகோள். இந்தக் கடிதத்தை ஜாஸ்மினுக்குப் படித்துக் காட்டுங்கள். வெளியே யார் கையிலும் கொடுக்க வேண்டாம்.

சபீஹா


கோவளம்
13 ஜூலை 2024

சபீஹா,

உன் கடிதத்தை இதனுடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒளித்து வைத்துக்கொள் என்று சொல்கிற தாள் எனக்கு வேண்டாம். ஏற்கெனவே ஒரு பொய்த் தாளை நம்பி ஐந்து வருஷம் ஓட்டினேன். இப்போது ஒரு உண்மைத் தாளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு திரியச் சொல்கிறாயா? ஜாஸ்மின் படித்துவிட்டு, "இதை ஏன் யாருக்கும் காட்டக் கூடாது?" என்று கேட்டால் நான் என்ன சொல்வது?

எண்ணைப் பற்றிக்கூட எனக்கு அவ்வளவு இல்லை. சம்பத் சார் சொன்னார், நீ போட்டாய், நீயும் பிழைக்க வந்தவள்தான். ஆனால் நீ வண்டி மாறியது. அது எனக்குத் தெரியும். நான் ஏதோ தப்பாகப் பேசி உன் மனசை நோகடித்துவிட்டேன் என்று இரண்டு மாதம் யோசித்துக்கொண்டே போனேன். ஒரு நாள் உனக்காக ஏழு பத்து வரைக்கும் பிளாட்பாரத்தில் காத்திருந்தேன். நீ என்னைப் பார்த்துவிட்டு வேறு பெட்டியில் ஏறினாய்.

அன்றைக்கே "அக்கா, உனக்குக் காது போவுது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நான் வேலையை விட்டிருப்பேனோ என்னவோ தெரியாது. ஆனால் வீட்டில் சொல்லியிருப்பேன். அவருக்குத் தெரிந்திருக்கும். கூப்பிட்டால் எனக்குக் கேட்காது என்று தெரிந்தவர், கையில் கிடைத்த எதையாவது எடுத்து என் பக்கம் வீசியிருப்பார்.

சந்திரிகா வந்திருந்தாள். நான் வாயைப் பார்க்கிற மாதிரி அவளும் என் வாயைப் பார்த்தாள். அவளுக்கு முப்பத்தொரு வயது.

இனி எழுத வேண்டாம்.

மேரி


மேடவாக்கம்
5 ஆகஸ்ட் 2024

மேரி அக்கா,

எழுத வேண்டாம் என்றீர்கள். நடந்ததைச் சொல்ல வேறு வழி இல்லை.

போன மாதம் இருபத்தி நாலாம் தேதி, என் கம்ப்ரசர் கம்பெனி அடையாள அட்டையைக் காட்டிப் பழைய கம்பெனிக்குள் போனேன். கம்ப்ரசர் சர்வீஸ் என்று சொன்னேன். இரண்டாம் லைன் அப்படியே இருக்கிறது. சந்திரிகா உங்கள் இடத்தில் நின்றாள். காதில் பஞ்சு வைத்திருந்தாள். மீட்டரை எடுத்தேன். 101.

கிரீஷ் ஓடி வந்து என் கையைப் பிடித்தார். "மேடம், வேணாம். எனக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான் சர்வீஸ் இருக்கு" என்றார். பிறகு கையை அவரே விட்டுவிட்டார். "நானும் வூட்ல டிவி சத்தமாத்தான் வெச்சிக்கினு கீறேன் மேடம்" என்றார்.

அன்று மத்தியானமே தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்துக்குப் புகார் எழுதினேன். 2019இல் உண்மையான அளவு என்ன, யார் சொல்லி மாற்றினேன், இப்போது எவ்வளவு, எல்லாம். என் பெயர், என் கையெழுத்து. சம்பத் சார் போன் செய்தார். "உன் கையெழுத்தைத்தானே நீயே பொய்னு சொல்ற? உன்னைத்தான் முதல்ல பிடிப்பாங்க" என்றார். "ஆமா சார், தெரியும்" என்றேன். மூன்றாம் நாள் என் ஆபீஸில் என்னை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். யாசீன், "இது ஒன்னுதான் உன்னை இத்தனை வருஷமா தூங்க விடலையா?" என்று கேட்டார்.

முந்தாநாள் ஜாஸ்மினைப் பார்த்தேன். அவள் வேலை செய்கிற ஆஸ்பத்திரி வாசலில், கேம்ப் ரோடு டீக்கடையில் உட்கார்ந்தோம்.

"நீங்கதானே ட்ரெயின் சபீஹா அக்கா? அம்மா உங்களுக்குன்னு தனியா ஒரு டப்பால டிபன் கட்டுவாங்க" என்றாள். உண்மையான எண்ணையும் நடந்ததையும் எழுதிக் கையெழுத்துப் போட்ட தாளைக் கொடுத்தேன். மூன்று முறை படித்தாள். டீ ஆறிப்போனது.

"அப்பா குரல் எப்படி இருக்கும்?" என்று கேட்டேன்.

"மெல்லிசா இருக்கும். அதட்டினாக்கூட மெல்லிசாத்தான் இருக்கும்."

"அம்மாவுக்கு அந்த மெல்லிசுதான் போயிடுச்சு ஜாஸ்மின்."

"குழாயடில இருந்தாங்க. பதினஞ்சு அடிகூட இருக்காது. கேட்டிருக்கவே முடியாதா?"

"முடியாது."

"அதையும் எழுதித் தருவீங்களா?"

அதே தாளின் பின்பக்கம், 'செல்வமேரிக்கு அந்தக் குரல் கேட்டிருக்க முடியாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் அதை மடித்து, பையில் வைத்து, மறுபடியும் வெளியே எடுத்துப் பார்த்தாள். "நாலு மாசமா நான் அம்மாகூடப் பேசல அக்கா" என்றாள். எழுந்து போய்விட்டாள்.

என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. கேட்கிற இடத்தில் நான் இல்லை.

சபீஹா


கோவளம்
12 ஆகஸ்ட் 2024

சபீஹாவுக்கு,

ஜாஸ்மின் நேற்று வந்தாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து வெயிலில் நடந்தே வந்திருக்கிறாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் என் காலடியில் உட்கார்ந்து தாளை என் மடியில் வைத்தாள். அவள் தோள் குலுங்குவதைப் பார்த்துத்தான் அழுகிறாள் என்று தெரிந்தது. எவ்வளவு சத்தமாக அழுதாள் என்று எனக்குத் தெரியாது. எல்லம்மா ஓடி வந்ததிலிருந்து தெரிந்துகொண்டேன்.

உன் வேலை போனது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அதை நான் கேட்கவில்லை.

எழுதலாம்.

மேரி


மேடவாக்கம்
20 அக்டோபர் 2024

அன்புள்ள மேரி அக்கா,

நல்ல செய்தி ஒன்றும், நடுவாந்தரச் செய்தி ஒன்றும்.

ஆய்வாளர்கள் செப்டம்பரில் வந்து இரண்டாம் லைனை நிறுத்தினார்கள். சரிசெய்த பிறகுதான் ஓட்ட வேண்டும் என்று உத்தரவு. இப்போது இருபத்தெட்டு ஓட்டைகளிலிருந்தும் குழாய் இழுத்து, ஒரே பெரிய குழாயில் சேர்த்து, சுவருக்கு வெளியே கொண்டுபோய், அங்கே ஒரு பெரிய சைலன்சர் போட்டிருக்கிறார்கள். எண்ணெய் உள்ளே போகாமல் தடுக்க வழியில் ஒரு வடிகட்டி. அதனால் அடைத்துக்கொள்வதும் குறைவு. சிலிண்டரும் மந்தமாகவில்லை, பீஸும் குறையவில்லை. நூற்று நாற்பது பேரில் யாருக்கும் வேலை போகவில்லை. எத்தனை நாள் வேலை தெரியுமா அக்கா? ஒன்பது நாள். 2019இல் நானே இதை வரைந்து வைத்திருந்தேன். என் லேப்டாப்பில் அந்தப் படம் இன்னும் இருக்கிறது. திறந்து பார்க்க முடியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, ஓவர்டைம் ஓடிக்கொண்டிருந்தபோது, கிரீஷ் என்னைக் கூப்பிட்டு, மீட்டரை எடுத்து வரச் சொன்னார். பின் கேட் வழியாகக் கூட்டிப்போனார். 81. உண்மையான 81. சந்திரிகாவும் பக்கத்து மிஷின் பெண்ணும் தலையைத் திருப்பாமலே ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "இன்னா பேசிக்கினு இருக்கீங்க?" என்று கிரீஷ் அதட்டினார். "ஒன்னுமில்ல சார், இவ வூட்டு மாமியார் கத" என்றாள் சந்திரிகா. நான் வெளியே வந்து காம்பவுண்டு சுவரோரமாக நின்றேன். நீங்கள் அங்கே கடைசி மூன்று வருஷத்துக்கு மேல் பக்கத்து மிஷின்காரியிடம் சைகையில்தான் பேசினீர்கள்.

நடுவாந்தரச் செய்தி, பொய் அறிக்கைக்காக என்மேல் விசாரணை நடக்கிறது. நடக்கட்டும்.

சந்திரிகாவையும் அந்த வேளச்சேரி டாக்டரிடம் கூட்டிப்போய்க் காது டெஸ்ட் எடுத்தோம். கொஞ்சம் போயிருக்கிறது. இனிமேல் போகாது.

சபீஹா


கோவளம்
3 நவம்பர் 2024

சபீஹாவுக்கு,

நேற்று கல்லறைத் திருநாள். ஜாஸ்மின் தீபாவளி லீவோடு சேர்த்து நாலைந்து நாள் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். இருவரும் போய் டேனியல் கல்லறையைக் கழுவி, சாமந்தி வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றினோம். காற்று அதிகம், மெழுகுவர்த்தி நிற்கவே இல்லை. அவள் கையால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சந்திரிகா விஷயம் நல்லது. அந்த லைனில் பெண்கள் பேசுகிறார்கள் என்று எழுதியிருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்தேன். உன் விசாரணைக்கு யாராவது சாட்சி வேண்டுமென்றால் நான் வருகிறேன்.

நீ ஏன் வண்டி மாறினாய் என்று எனக்கு எழுதினாய். எழுதாமலேயே இருந்திருக்கலாம், காரணத்தை நான் கண்டுபிடித்திருக்க மாட்டேன். அதனால் நானும் உனக்கு ஒன்று எழுத வேண்டும். பாதிரியாரிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

என் காது சும்மா இருப்பதில்லை. எல்லாச் சத்தமும் போன பிறகும் உள்ளே ஒன்று இரைந்துகொண்டே இருக்கும். மிஷின் விட்ட காற்று மாதிரி, மெல்லிசாக, நாள் முழுக்க. சில நேரம் கூடும், சில நேரம் யாரோ கூப்பிடுகிற மாதிரி இழுக்கும். முதலில் திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். ஒருவரும் இருக்க மாட்டார்கள். அப்புறம் திரும்புவதை விட்டுவிட்டேன்.

அன்றைக்கு மீனைச் செதில் எடுத்துக்கொண்டிருந்தபோது அந்த மாதிரி ஒன்று வந்தது. ஒரு தடவை இல்லை, இரண்டு மூன்று தடவை. இரைச்சலாக இருக்கும் என்று நினைத்தேன். அவராக இருக்குமோ என்றும் ஒரு நொடி தோன்றியது. இது உண்மை சபீஹா, தோன்றியது. மற்ற நாளாக இருந்திருந்தால் எழுந்து போய்ப் பார்த்திருப்பேன். ஆக்ட் குடுக்குறியா என்று கேட்டாரே, அந்தக் கோபம் மனசில் இருந்தது. வேண்டுமென்றால் அவரே வரட்டும் என்று மீனைத் திருப்பிப் போட்டேன்.

அது அவர் குரலா, என் காது இரைச்சலா, எனக்குத் தெரியாது. இனி யாராலும் சொல்ல முடியாது. உன் மீட்டராலும் முடியாது. கேட்டிருக்க முடியாது என்று நீ எழுதிக் கொடுத்தாய். ஜாஸ்மின் அதைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருக்கிறாள். அவள் அதை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

அதனால் நேற்று கல்லறையிலிருந்து திரும்பி வந்ததும் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எவ்வளவு சத்தமாகப் பேசுகிறேன் என்று எனக்குத் தெரிவதில்லை. எல்லம்மா வீட்டு ஜன்னல் திறந்தது. எதிர் வீட்டுக்காரர் வெளியே வந்து நின்றார். ஜாஸ்மின் கையைக் காட்டி மெதுவாக, மெதுவாக என்றாள். நான் நிறுத்தவில்லை. கடைசிவரைக்கும் சொன்னேன். தெருவுக்கே கேட்டிருக்கும்.

அவள் அந்தத் தாளை எடுக்கவில்லை, கிழிக்கவில்லை. எழுதிக் காட்ட வைத்திருக்கிற நோட்டையும் தொடவில்லை. சாயங்காலம் பையைக் கையில் எடுத்தாள். கிளம்புகிறாள் என்று நினைத்தேன். அதிலிருந்து துணியை எடுத்துத் துவைக்கப் போட்டாள்.

இன்றைக்குக் காலையிலிருந்தும் அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதிக் காட்டவில்லை. மன்னித்தாளா இல்லையா, எனக்குத் தெரியவில்லை. இப்போது நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து வந்து என் தோளைத் தொட்டாள். திரும்பினேன். தட்டில் சோறு போட்டு வைத்திருக்கிறாள்.

போகிறேன்.

மேரி அக்கா